லண்டன்–பாரிஸ்: 344 கிலோமீட்டரின் பயண வரலாறு

லண்டன் மாநகரின் நடுவிலிருந்து பாரிஸ் மாநகரின் நடுவுக்கு நேர்கோட்டில் அளந்தால் ஏறத்தாழ 344 கிலோமீட்டர் வரும். இத்தொலைவு மாறாதது, ஆனால் அதைக் கடக்க மனிதர் செலவிட்ட நேரம் நாட்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் குதிரை வண்டியிலும் பாய்மரக் கப்பலிலுமாக மூன்று நான்கு நாள் பிடித்த பயணம், 1851இல் ரயிலும் நீராவிக் கப்பலும் கைகோத்தபோது 11 மணி நேரமாகவும், 1919இல் விமானத்தில் இரண்டரை மணி நேரமாகவும், 1950இல் சுமார் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. அதன்பின் முக்கால் நூற்றாண்டு கழிந்தும், ஜெட் விமானங்கள் பெருகியும், வான்வழிப் பயண நேரம் மேலும் குறையவில்லை. இன்றைய கால அட்டவணைகள் அதற்கு ஒன்றேகால் மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ ஒதுக்குகின்றன. இவ்விரு நகரங்களுக்கு இடையிலான போக்குவரத்தின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், பயண நேரத்தைச் சுருக்கியதில் பொறிகளின் வேகத்துக்கு இருந்த பங்கைக் காட்டிலும் நில அளவை, அரசுகளின் உடன்படிக்கை, போக்குவரத்து விதி, நிலையங்களின் இருப்பிடம் ஆகியவற்றுக்கு இருந்த பங்கு பெரிது என்பது புலப்படும்.

ஹவுன்ஸ்லோ வெளியில் ஓர் அடிக்கோடு

லண்டனை அடுத்த கிரீன்விச் வானாய்வகத்துக்கும் பாரிஸ் வானாய்வகத்துக்கும் இடையிலான தொலைவு 1780கள் வரை துல்லியமாக அறியப்படவில்லை. இரண்டின் அட்சரேகை, தீர்க்கரேகை வேறுபாடுகள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, பிரெஞ்சு வானியலாளர் சீசர்-பிரான்சுவா கசினி 1783இல் பிரித்தானிய அரசுக்கு ஒரு குறிப்புரை அனுப்பினார். அதை ஏற்று மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பணம் ஒதுக்க, ராயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகத்தின் மேற்பார்வையில் வில்லியம் ராய் என்னும் படைத்துறைப் பொறியாளர் அளவைப் பணியைத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை முக்கோண அளவை எனப்படும். தரையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மிக நுட்பமாக அளந்துவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள கோபுரம், குன்று போன்ற ஒரு புள்ளியை நோக்கிக் கோணங்களைக் கணித்தால், முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களின் நீளமும் கணக்கிலேயே கிடைத்துவிடும். அப்பக்கங்களின் மேல் அடுத்தடுத்த முக்கோணங்களைக் கட்டிக்கொண்டே போனால், சங்கிலி பிடித்து அளக்க முடியாத கடலையும் தாண்டிவிடலாம். தரையில் அளக்கப்படும் அந்த முதற்கோடு அடிக்கோடு என்று வழங்கப்படுகிறது.

ராய் தம் அடிக்கோட்டுக்குத் தேர்ந்தது லண்டனுக்கு மேற்கே மேடுபள்ளமின்றிக் கிடந்த ஹவுன்ஸ்லோ வெளியாகும். 1784ஆம் ஆண்டின் கோடையில் முதலில் பைன் மரக் கோல்களை முனையோடு முனை பொருத்தி அளந்தபோது, காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மரம் நீண்டும் குறுகியும் பிழை உண்டாக்கியது. அதனால் 20 அடி நீளக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு அளவை மீண்டும் தொடங்கப்பட்டு, கோட்டின் நீளம் 27,404 அடி, அதாவது சுமார் 8.35 கிலோமீட்டர் என்று தீர்மானிக்கப்பட்டது. கோணங்களைக் கணிக்க ஜெஸ்ஸி ராம்ஸ்டன் செய்து கொடுத்த தியோடலைட் என்னும் பெருங்கருவி கைக்கு வர மூன்று ஆண்டுகள் ஆயின. 1787இன் இலையுதிர் காலத்தில் ராய் டோவர் பக்கமிருந்தும், கசினியின் மகனும், அவரோடு பணியாற்றிய அறிஞர்களான மெஷானும் லெஜாண்டரும் பிரெஞ்சுக் கரையிலிருந்தும், இரவில் ஒளி ஏற்றி ஒருவர் நிலையத்தை மற்றவர் நோக்கிக் கடலுக்குக் குறுக்கே முக்கோணங்களை இணைத்தனர். அதன் முடிவுகள் 1790இல் வெளியாயின. அந்த அறிக்கையைத் திருத்திக்கொண்டிருந்த வேளையிலேயே ராய் காலமானார்.

இப்பணியின் விளைவு இரண்டு நகரங்களோடு நிற்கவில்லை. அதே முறையைப் பின்பற்றித்தான் வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே தம் அடிக்கோட்டை அளந்து, பின்னர் இமயம் வரை நீண்ட இந்தியப் பெரும் முக்கோண அளவைக்கு வித்திட்டார். ராயின் அடிக்கோட்டின் ஒரு முனையைக் குறிக்க நிலத்தில் செங்குத்தாகப் புதைக்கப்பட்ட பீரங்கி, இன்று ஹீத்ரோ விமான நிலையத்தின் வடக்குச் சுற்றுச்சாலையோரம் நிற்கிறது. பாரிஸுக்கான தொலைவை அளக்கத் தொடங்கிய வெளியிலேயே பிற்காலத்தில் பாரிஸுக்கான விமானங்களும் புறப்படலாயின.

காற்றும் ஓதமும்

தொலைவு அளக்கப்பட்ட காலத்தில் பயணத்தின் பெருந்தடை ஆங்கிலக் கால்வாயாக இருந்தது. டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் சுமார் 33 கிலோமீட்டரே அகலமுள்ள இக்கடலை, சாதகமான காற்று வாய்த்தால் பாய்மர அஞ்சற்கப்பல்கள் சில மணி நேரத்தில் கடந்தன. வாய்க்காவிட்டால் பயணிகள் துறைமுக விடுதிகளில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தனர். 1820களில் வழக்குக்கு வந்த நீராவிக் கப்பல்கள் காற்றை நம்பியிருக்கும் நிலையை நீக்கின. இங்கிலாந்தின் தென்கிழக்கு ரயில் பாதை 1843இல் போக்ஸ்டனையும் 1844இல் டோவரையும் எட்டியது. 1848இல் பிரெஞ்சு ரயில் பாதை பூலோனை எட்டியது.

எனினும் காற்றின் இடத்தை ஓதம் எடுத்துக்கொண்டது. கடல்நீர் வற்றும் வேளையில் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைய முடியாமையால், நீர்ப்பெருக்கு வரும் நேரத்துக்கு ஏற்ப ரயில் புறப்படும் நேரமும் நாளுக்கு நாள் மாற்றி அமைக்கப்பட்டது. ஓத ரயில் என்று பெயர் பெற்ற இவ்வண்டிகளில் ஏற வேண்டியவர்கள் அன்றன்றைய அறிவிப்பைப் பார்த்தே கிளம்பினர். ஓதமும் ரயிலும் ஒத்துவந்த நாளில் லண்டனிலிருந்து 11 மணி நேரத்தில் பாரிஸை அடைந்துவிடலாம் என்பதை, எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1851இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அதே ஆண்டில் டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி பதிக்கப்பட்டது. அதன் வழியே பங்குச் சந்தை விலைகளை இரு நகரங்களுக்கும் இடையே அனுப்பும் தொழிலை பால் ராய்ட்டர் லண்டனில் தொடங்கினார். செய்தி நிமிடங்களில் சென்றுவிட, அதை எழுதியவர் போய்ச் சேர ஒரு பகல் முழுதும் வேண்டியிருந்த இந்த நிலை, அடுத்த எழுபது ஆண்டுகளுக்குப் பெரிதாக மாறவில்லை.

வான்வழியின் தொடக்கம்

கால்வாயின் மேல் பறந்து கடக்கும் முயற்சி, அதற்குக் குறுக்கே முக்கோணங்களை இணைத்த அளவைக்கும் முந்தியது. 1785 ஜனவரி 7 அன்று ழான்-பியர் பிளான்ஷாரும் ஜான் ஜெஃப்ரிஸும் டோவரிலிருந்து பலூனில் கிளம்பி, அது கடலை நோக்கித் தாழத் தாழக் கையிலிருந்த கருவிகளையும், இறுதியில் உடுத்தியிருந்த மேலாடைகளையும் எறிந்து எடை குறைத்து, சுமார் இரண்டரை மணி நேரத்தில் பிரெஞ்சுக் காட்டுப் பகுதியில் இறங்கினர். பலூன் காற்று போன திசையில் போகும் ஊர்தியாதலால், அதைக் கொண்டு ஒரு போக்குவரத்தை நடத்த முடியவில்லை. திசைப்படுத்தக்கூடிய விமானத்தில் கால்வாயைக் கடந்த முதல் மனிதர் லூயி பிளேரியோ ஆவார். 1909 ஜூலை 25 அன்று கலே அருகிலிருந்து டோவருக்கு 36 நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பறந்து, டெய்லி மெயில் நாளிதழ் அறிவித்திருந்த 1,000 பவுண்டு பரிசை அவர் பெற்றார்.

கடலைக் கடப்பது வேறு, நகரத்திலிருந்து நகரத்துக்குச் செல்வது வேறு என்பது அடுத்த ஆண்டே தெரியவந்தது. 1910 ஆகஸ்டில் ஜான் மொய்சான்ட் தம் இயந்திரப் பணியாளரையும் ஏற்றிக்கொண்டு பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பறந்தபோது, கால்வாயை எளிதில் தாண்டிய அவருக்கு, இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் திரும்பத் திரும்பத் தரையிறங்க நேர்ந்து, உடைந்த உறுப்புகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து லண்டனை எட்ட ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. குதிரை வண்டியை விடவும் நெடிதாக முடிந்த அப்பயணத்துக்குப் பின் ஓராண்டுக்குள்ளாகவே, 1911 ஏப்ரல் 12 அன்று, பியர் பிரியே லண்டனின் ஹென்டனிலிருந்து பாரிஸை ஒட்டிய இஸ்ஸி-லெ-மூலினோவுக்கு இடையில் எங்கும் இறங்காமல் 3 மணி 56 நிமிடத்தில் பறந்து சேர்ந்தார். இரு நகரங்களுக்கு இடையிலான விமான நேரம் என்று சொல்லத்தக்க முதல் அளவு இதுவே.

கட்டணப் பயணிகள்

முதல் உலகப் போர் விமானங்களையும் விமானிகளையும் பெருமளவில் உருவாக்கியது. போர் முடிந்ததும் அவற்றுக்கு அமைதிக்காலப் பயன் தேட வேண்டியதாயிற்று. 1919 ஆகஸ்ட் 25 அன்று ஜார்ஜ் ஹோல்ட் தாமஸ் தொடங்கிய நிறுவனத்தின் டி.எச்.4ஏ வகை விமானம், ஹவுன்ஸ்லோ வெளியிலிருந்து பாரிஸின் லெ பூர்ஷே நிலையத்துக்கு இரண்டரை மணி நேரத்தில் பறந்து, அன்றாடப் பன்னாட்டு விமான சேவையைத் தொடங்கிவைத்தது. விமானியின் பின்னே ஒரே ஒரு பயணி இருந்தார். அவரோடு நாளிதழ்கள், பதனிட்ட தோல், டெவன்ஷயர் பாலேடு, வேட்டைப் பறவைகள் ஆகியவை சரக்காகச் சென்றன. ஒருவழிக் கட்டணம் 21 பவுண்டாக இருந்தமையால், செல்வரும் அவசர அலுவல் உடையவரும் தவிர வேறெவரும் அதை எண்ணிப் பார்க்க இயலவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11 அன்று இதே வழித்தடத்தில் ஹேண்ட்லி பேஜ் நிறுவனம் 3 ஷில்லிங் விலையில் விற்ற உணவுப் பெட்டி, விமானத்தில் பரிமாறப்பட்ட முதல் உணவாகக் கருதப்படுகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்து, பாரிஸில் கையெழுத்தான வான்போக்குவரத்து உடன்படிக்கை, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வானமும் அந்நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டதே என்று நிறுவியது. அயல்நாட்டு விமானம் எந்த நிபந்தனையின் கீழ் நுழையலாம் என்பது தெளிவானால்தான் ஒழுங்கான சேவை நடக்கும் என்பதால், அந்நாளைய விமானப் போக்குவரத்துக்கு இது பொறியைப் போலவே இன்றியமையாததாக இருந்தது.

1920இல் லண்டனின் விமான நிலையம் ஹவுன்ஸ்லோவிலிருந்து குராய்டனுக்கு மாற்றப்பட்டது. அங்கு பயணிகளின் பெட்டிகளோடு பயணிகளும் எடை போடப்பட்டனர்; விமானத்தின் சுமையில் ஒவ்வோர் ஆளின் எடையும் கணக்கில் சேர்ந்தது. விமானிகள் ரயில் தண்டவாளங்களையும் நெடுஞ்சாலைகளையும் கண்ணால் பின்பற்றிப் பறந்தனர்; மேகம் தாழ்ந்த நாட்களில் அவற்றை இழந்துவிடாதிருக்கத் தாங்களும் தாழ்ந்து பறந்தனர். இவ்வழக்கத்தின் ஆபத்து 1922 ஏப்ரல் 7 அன்று வெளிப்பட்டது. பாரிஸுக்கு வடக்கே பிக்கார்டிப் பகுதியில், ஒரே நெடுஞ்சாலையை எதிரெதிர்த் திசைகளிலிருந்து பின்பற்றி வந்த அஞ்சல் ஏற்றிவந்த ஒரு பிரித்தானியப் பயணி விமானமும் ஒரு பிரெஞ்சுப் பயணி விமானமும் மூடுபனியில் நேருக்கு நேர் மோதி எழுவர் மாண்டனர். பயணி விமானங்கள் வானில் மோதிக்கொண்ட முதல் விபத்து இதுவாகும். இதன் விளைவாகக் குராய்டனில் கூடிய விமான நிறுவனங்களும் அதிகாரிகளும், தரையிலுள்ள வழியடையாளத்துக்கு வலப்புறமாகவே பறக்க வேண்டும் என்னும் விதியை வகுத்ததோடு, வானொலித் தொடர்பின் தேவையையும் வலியுறுத்தினர். இன்று உலகமெங்கும் நடைமுறையிலுள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் தொடக்க விதிகள் சில, இவ்வாறு இந்த ஒரு வழித்தடத்தின் இழப்பிலிருந்து பிறந்தன.

போட்டி நிறுவனங்கள் நட்டத்தில் தள்ளாடியதால், அரசு மானியத்துடன் 1924இல் இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் ஒரே நிறுவனமாக அவை ஒன்றிணைக்கப்பட்டன. 1931இல் சேவைக்கு வந்த எச்.பி.42 வகை இரட்டையடுக்கு இறக்கை விமானம் 38 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 160 கிலோமீட்டர் அளவில் பறந்தது. அதில் உணவு மேசைகளும் பணியாளரும் இருந்தனர். இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலாக நீடித்த அப்பயணம், 1919ஐ விடப் பெரிதும் விரைவானதன்று. பாதுகாப்பும் வசதியுமே அப்பத்தாண்டுகளின் ஆதாயம். அதே காலத்தில் தங்க அம்பு என்னும் பெயரிலான ஆடம்பர ரயில், கப்பல் பயணத்தையும் சேர்த்து ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் லண்டனின் விக்டோரியா நிலையத்தையும் பாரிஸின் வடக்கு நிலையத்தையும் இணைத்தது. 1936இல் தொடங்கிய இரவுப் படகு ரயிலில், தூங்கும் பெட்டிகளே கப்பலில் ஏற்றப்பட்டுக் கடல் கடந்தன; இரவு லண்டனில் படுத்தவர் காலையில் பாரிஸில் விழித்தார்.

குறையாத ஒரு மணி நேரம்

1950 ஜூலை 29 அன்று லண்டனின் நார்தோல்ட்டிலிருந்து லெ பூர்ஷேவுக்குப் பறந்த வைக்கவுண்ட் விமானம், சுழலிப் பொறியால் உந்திகளைச் சுழற்றும் டர்போபுரொப் வகையில் கட்டணப் பயணிகளை ஏற்றிச் சென்ற உலகின் முதல் விமானமாகும். அதிர்வும் இரைச்சலும் குறைந்த அப்பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வான்வழி நேரம் தன் எல்லையைத் தொட்டது அன்றுதான். ஹீத்ரோவுக்கும் பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்துக்கும் இடையே உள்ள சுமார் 348 கிலோமீட்டரை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால் 26 நிமிடம் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் இத்தகைய குறுந்தொலைவில் விமானம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே பெரும்பகுதி நேரம் கழிகிறது. முழு வேகத்தில் சமமட்டத்தில் பறப்பது சில நிமிடங்களே. புறப்பாட்டுக்கும் வருகைக்கும் வகுக்கப்பட்ட வழிகள் நேர்கோட்டிலிருந்து விலகுகின்றன. நெரிசல் வேளையில் ஹீத்ரோவுக்கு வரும் விமானங்கள் நகரைச் சுற்றியுள்ள நான்கு காத்திருப்பு வட்டங்களில் ஒன்றில் சுழன்று முறை வந்த பின்னரே இறங்குகின்றன. கால அட்டவணையில் காணப்படும் நேரமும் பறக்கும் நேரம் மட்டுமன்று. புறப்படும் இடத்தில் சக்கரத் தடைக்கட்டை நீக்கப்பட்டதிலிருந்து, சேருமிடத்தில் அது மீண்டும் வைக்கப்படும் வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும் வரிசையில் நிற்பதும் தாமதத்துக்கென முன்கூட்டியே சேர்க்கப்படும் நிமிடங்களும் அதில் அடக்கம்.

இவ்வழித்தடத்தில் மூடுபனியே நீண்டகாலப் பகையாக இருந்தது. 1965 ஜூன் 10 அன்று லெ பூர்ஷேயிலிருந்து ஹீத்ரோ வந்த டிரைடென்ட் விமானம், தரை தொடும் இறுதிக் கட்டத்தைத் தானியங்கிக் கருவியால் நிறைவேற்றிய முதல் கட்டணப் பயணி விமானமாயிற்று. இதனால் மிச்சப்பட்டது பறக்கும் நேரமன்று. தாமதங்களும் வேறு நிலையங்களுக்குத் திருப்பிவிடப்படும் தொல்லையும் குறைந்து, அட்டவணை நம்பத்தக்கதாயிற்று.

விமானத்தின் வேகத்துக்கும் பயணத்தின் வேகத்துக்கும் உள்ள இடைவெளியை வெளிப்படையாகக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 1959 ஜூலையில் நடந்தது. பிளேரியோவின் பயணத்துக்கு ஐம்பது ஆண்டு நிறைந்ததையொட்டி டெய்லி மெயில் நடத்திய அப்போட்டியில், லண்டனின் மார்பிள் ஆர்ச்சுக்கும் பாரிஸின் வெற்றி வளைவுக்கும் இடையே எவ்வழியிலேனும் மிக விரைவாகச் செல்பவருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. வென்றவரான பிரித்தானிய வான்படை அதிகாரி சார்லஸ் மாகன், நகரத் தெருக்களில் மோட்டார் சைக்கிளையும், தெருவுக்கும் விமானத்தளத்துக்கும் இடையே ஹெலிகாப்டரையும், கடலுக்கு மேல் ஹன்டர் ஜெட் விமானத்தையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி 41 நிமிடத்துக்கும் குறைவாகச் சென்று சேர்ந்தார். போர் விமானத்தின் வேகத்துக்கு இணையாக இரு முனைகளிலும் ஹெலிகாப்டர் காத்திருந்ததும் அவ்வெற்றிக்குக் காரணமாயிற்று. சாதாரணப் பயணிக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. ஹீத்ரோ லண்டனின் நடுவிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டருக்கு அப்பாலும், 1974இல் திறக்கப்பட்ட சார்ல் த கோல் நிலையம் பாரிஸின் வடகிழக்கே சுமார் 25 கிலோமீட்டரிலும் அமைந்தன. ஓடுபாதைகள் நீளவும் இரைச்சல் பெருகவும் நிலையங்கள் நகரைவிட்டு விலகிச் சென்றன. பாதுகாப்புச் சோதனைகளும் கூடின.

இரு கடிகாரங்கள்

பயணச்சீட்டில் அச்சிட்ட நேரங்களைக் கழித்துப் பார்ப்பவருக்கு மற்றொரு குழப்பமும் உண்டு. பாரிஸின் உள்ளூர் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 9 நிமிடம் 21 விநாடி முந்தியது. பிரான்ஸ் அந்நேரத்தையே நாடு முழுதும் கடைப்பிடித்துவந்து, 1911 மார்ச்சில், பிரியேயின் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, சட்டத்தின் வழி அதைக் கைவிட்டுக் கிரீன்விச் நேரத்துக்கு இணையான நேரத்தை ஏற்றது. 1940இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது பெர்லின் நேரம் திணிக்கப்பட்டது; போருக்குப் பின்னும் பிரான்ஸ் ஒரு மணி நேரம் முந்திய அந்தக் கடிகாரத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே பாரிஸில் காலை 9 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டன் கடிகாரத்தில் 9.15 மணிக்கு இறங்குவதும், திரும்பும் விமானம் இரண்டேகால் மணி நேரம் எடுத்ததாகத் தோன்றுவதும் இயல்பாயின.

கடலடிப் பாதை

கால்வாயின் அடியில் சுரங்கம் அமைக்கும் எண்ணம் 1802இலேயே அல்பெர் மத்தியே என்னும் பிரெஞ்சுப் பொறியாளரால் முன்வைக்கப்பட்டது. 1880களில் இரு கரைகளிலும் தோண்டுதல் தொடங்கி, படையெடுப்புக்கு வழியாகும் என்னும் பிரித்தானியப் படைத்துறையின் அச்சத்தால் நின்றது. 1970களில் மீண்டும் தொடங்கி, 1975இல் செலவு கருதிக் கைவிடப்பட்டது. 1986 பிப்ரவரியில் கான்டர்பரியில் கையெழுத்தான ஒப்பந்தமே இறுதியில் பணியை நடத்திக் கொடுத்தது. சுமார் 50 கிலோமீட்டர் நீளமும், அதில் 38 கிலோமீட்டர் கடலடியிலும் உள்ள அச்சுரங்கத்தை 1994 மே 6 அன்று எலிசபெத் அரசியும் குடியரசுத் தலைவர் பிரான்சுவா மித்தெரானும் திறந்துவைத்தனர். அதே ஆண்டு நவம்பர் 14 முதல் யூரோஸ்டார் ரயில்கள் மூன்று மணி நேரத்தில் இரு நகரங்களையும் இணைத்தன.

பிரான்ஸில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில், இங்கிலாந்தில் புறநகர் வண்டிகளோடு பழைய பாதையைப் பகிர்ந்து மெதுவாக ஊர்ந்தது. 2003இல் அதிவேகப் பாதையின் முதற்பகுதி திறந்து நேரம் 2 மணி 35 நிமிடமாயிற்று. 2007 நவம்பர் 14 அன்று முழுப் பாதையும் செயின்ட் பாங்கரஸ் நிலையம் வரை நிறைவுற்றபோது 2 மணி 15 நிமிடமாயிற்று. 492 கிலோமீட்டர் ரயில் பாதை நேர்கோட்டைவிட ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமானது. வேகமும் விமானத்தின் வேகத்தில் பாதிக்கும் குறைவு. இருந்தும் ஒரு காலத்தில் உலகின் மிக நெரிசலான பன்னாட்டு வான்வழிகளில் ஒன்றாக இருந்த இத்தடத்தில், பயணிகளின் பெரும்பகுதி ரயிலுக்கு மாறிவிட்டது. ரயில் நகர நடுவில் கிளம்பி நகர நடுவில் நிற்பதும், இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடுவதும் அதற்குக் காரணம். விமானம் வானில் ஈட்டும் நிமிடங்களை நிலையத்துக்குச் செல்லும் சாலையிலும் சோதனை வரிசையிலும் இழந்துவிடுகிறது.

இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் சென்றுவிடக்கூடிய சில உள்நாட்டு வழித்தடங்களில் விமானங்களைப் பிரான்ஸ் 2023இல் தடைசெய்தது, புவி வெப்பமாதலைக் கருதிய நடவடிக்கையாகும். பன்னாட்டு வழியான லண்டன்–பாரிஸ் அச்சட்டத்தின் கீழ் வரவில்லை. ஆயினும் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தாமலே மக்கள் இங்கு ரயிலைத் தேர்ந்துகொண்டனர் என்பது, குறுந்தொலைவு நகரங்களை இணைக்கத் திட்டமிடும் எந்த அரசும் கவனிக்க வேண்டிய செய்தி. இரு நகரங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்னும் கேள்விக்கு வேகமானியும் வரைபடமும் பாதி விடையே தரும். வீட்டு வாசலிலிருந்து சேருமிடத்து வாசல் வரை கணக்கிட்டால்தான் முழு விடை கிடைக்கும். அந்த முழு நேரத்தைச் சுருக்கும் ஆற்றல், இரு நாடுகளும் ஒரே விதியையும் ஒரே பாதையையும் ஒரே சோதனை முறையையும் ஏற்க முன்வந்த ஒவ்வொரு முறையும்தான் கைகூடியது.